உரக்கப் படிக்கும் வீடு

நவம்பர் 6

அன்புள்ள சின்னுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அத்தானும் சுகம். உன் சளி விட்டதா?

என் போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது. சரிசெய்ய முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். புதிது வாங்க இப்போது அவசரமில்லை என்று அத்தான் நினைக்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அதனால் இனிமேல் அப்பா காலத்து வழக்கப்படி கடிதம். நீ டயர் கடை முகவரிக்கே எழுது. அத்தான் மதியம் சாப்பிட வரும்போது கொண்டுவந்து படித்துக் காட்டுவார். யாருக்கு வந்த கடிதமானாலும் எல்லாரும் கேட்க உரக்கப் படிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம் என்று நான்தான் ஒருமுறை அவரிடம் சொன்னேன். அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கடை நன்றாகப் போகிறது. நம் வீட்டு எதிர்க்கடை டெய்லரம்மா உன்னைக் கேட்டார்.

உங்கள் ஊரில் குளிர்கால விடுமுறை டிசம்பர் இருபதுக்கு மேல் என்றாயே. எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றும் சொன்னாய். நீ மட்டும் அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வாய்? இங்கே வந்துவிடேன். உன் அறை அப்படியே இருக்கிறது. கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம். அத்தானும் வரச் சொல்கிறார்.

இதை அவர் படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார். எழுத்துப் பிழை இருந்தால் அவர்தான் பொறுப்பு.

வேளாவேளைக்குச் சாப்பிடு.
உன் அக்கா

*

நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் நலம். சளி போய்விட்டது. இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மட்டும் குளிரில் மரத்துப்போகின்றன. கையுறைக்குள் யாரோ இரண்டு குச்சிகளைச் செருகியதுபோல் இருக்கிறது.

விடுமுறைக்கு வர முடியாது. என் கால்நடை மருத்துவப் படிப்பை இந்த நாட்டில் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் ஓராண்டு இறைச்சிக்கூடத்தில் பயிற்சி செய்தாக வேண்டும். விடுமுறைக்கு முன்பு மாடுகள் இரட்டிப்பாக வரும். விடுமுறையிலும் வாரத்தில் இரண்டு நாள் வேலை உண்டு. உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவதால் வெளியிலிருந்து வந்தவர்கள்தான் பார்க்க வேண்டும்.

என்ன வேலை என்று கேட்பாய். மாடு ஓர் இரும்புக் கூண்டுக்குள் வந்து நிற்கும். பக்கங்கள் நகர்ந்து வந்து அதை இறுக்கும். 'அமைதி' என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருக்கும் பெண் (அவள் வாய் தூக்கத்தில்கூட மூடாது) அதன் நெற்றியில் துப்பாக்கியை வைப்பாள். அதில் குண்டு கிடையாது. ஓர் இரும்புக் கம்பி பாய்ந்து மண்டையோட்டைத் துளைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விடும். அறுநூறு கிலோ ஒரே கணத்தில் மடிந்து விழும். அப்போதும் அது சாகவில்லை; இதயம் துடித்துக்கொண்டிருக்கும். நான் குனிந்து அதன் கருவிழியை விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பேன். இமை அசையாவிட்டால் கையைக் காட்டுவேன், கத்திக்காரர் கழுத்தை அறுப்பார். அசைந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இரண்டாம் முறை சுட வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு கண்களைத் தொடுகிறேன். முதல் வாரம் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது இறங்குகிறது.

நீங்கள் இருவரும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.
சின்னு

*

டிசம்பர் 4

அன்புள்ள சின்னுவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டு பிசகிவிட்டது, இடது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்னைவிட நன்றாக எழுத வரும் என்று அத்தான் கேலி செய்கிறார்.

உன் கடிதத்தை அவர் படித்துக் காட்டினார். கண்ணைத் தொடும் இடத்தை மட்டும் இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடம் "கண்ணை மூடாதே" என்று சொல்லிவிட்டு விளையாட்டுக்கு விரலை நீட்டிக்கொண்டே வந்தார். சிரித்தோம்.

பத்து நாள் போதும் சின்னு. ஐந்து நாளானாலும் போதும். வேறு யாரையாவது உன் இடத்தில் நிற்கச் சொல்ல முடியாதா?

கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கு.
உன் அக்கா

*

டிசம்பர் 16

மதிப்பிற்குரிய டெய்லரம்மாவுக்கு,

வணக்கம். நான் எதிர்வீட்டில் இரண்டு வருடம் இருந்த சின்னு. நீங்கள் தைத்த துணிகளைப் போட்டுத் தந்த பையில் கடை முகவரி அச்சிட்டிருந்தது. அதில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் யாரோ முடிவெட்டுபவர் எடுக்கிறார். உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளை என் அக்கா உங்கள் கடைக்கு வரும்போது அவள் கையில் கொடுங்கள். டயர் கடைக்காரருக்குத் தெரிய வேண்டாம்.

அக்கா,

இதை உனக்கு யாரும் படித்துக் காட்டப்போவதில்லை. அதனால் நேராகவே கேட்கிறேன். அந்தக் குளியலறைத் தரை சொரசொரப்பான சிமெண்டு. இரண்டு வருடம் அதில் துணி துவைத்தவள் நான். அங்கே யாரும் வழுக்க முடியாது. அடிக்கிறாரா? எவ்வளவு?

அவர் கதவைச் சாத்தியபோது என் விரல்கள் இடுக்கில் இருந்தன. அது தெரிந்துதான் சாத்தினார். நீ இரண்டடி தள்ளி நின்றாய். போலீஸுக்குச் சொல்லவா என்று டாக்டர் கேட்டபோது, "காத்துல சாத்திக்கிடுச்சு டாக்டர்" என்றாய். ஜன்னலே இல்லாத நடையில் எந்தக் காற்று என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

அந்த வீட்டிலிருந்து வெளியே வா. டெய்லரம்மா கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. கேள். பதிலை அவர் மூலமாகவே அனுப்பு.

உன் மணிக்கட்டு நேராக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்
சின்னு

*

டிசம்பர் 30

அத்தான் அவர்களுக்கு,

நலம் கேட்டு இதை ஆரம்பிக்கவில்லை.

விடுமுறைக்கு அமைதி என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். தனியாக இருக்காதே என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். மேசையைச் சுற்றி எட்டுப் பேர். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யாரும் யாரையும் கேட்கவில்லை. நன்றாக இருந்தது. அவளுடைய அண்ணன் என் தலைக்கு மேலிருந்த அலமாரியில் தட்டு எடுக்கக் கையைத் தூக்கினார். அடுத்த கணம் நான் மேசைக்கு அடியில் இருந்தேன், இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு. எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. எட்டுப் பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நான் பார்க்கும்படி இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை அப்படியே இருந்தார். யாரோ அவருக்கு ஊட்டிவிட்டார்கள்.

அதன்பிறகுதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

விடுமுறையில் ஆள் குறைவு. சுடும் வேலையும் எனக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் கொம்புக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். இரண்டு கோடுகளும் எங்கே வெட்டுகின்றனவோ அங்கே வைக்க வேண்டும். மனிதனுக்குக் கொம்பு இல்லை. ஆனாலும் கண்டுபிடித்துவிடுவேன், கை பழகிவிட்டது. உடம்பு மடிந்து விழும். காலால் உதைக்கும். நான் உட்கார்ந்து கண்ணைத் தொட்டுப் பார்ப்பேன். அசைந்தால் இன்னொரு முறை. அவசரப்பட மாட்டேன்.

அக்காவின் மேல் இனி உங்கள் கை பட்டால் நான் வருவேன். பயிற்சி, வேலை எதையும் பார்க்க மாட்டேன்.

சின்னு

*

ஜனவரி 3

அன்புள்ள சின்னுவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதை டெய்லரம்மா கடையில், துணி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். அளவு கொடுக்க வந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஜாக்கெட்டுக்கு இது மூன்றாவது அளவு. "நீ இளைச்சிக்கிட்டே போறேன்னு சொல்லு, நம்பிடுவாரு" என்கிறார் டெய்லரம்மா.

கேட்டாய், சொல்கிறேன். அடிக்கிறார். நீ இருந்த இரண்டு வருடமும் மாதத்துக்கு ஒருமுறை. நீ போன பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். வயிறு, முதுகு, தலைமயிருக்குள், வெளியே தெரியாத இடங்கள். டயர் கழற்றும் கம்பியைக் கடையிலிருந்து கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுத்தான் உட்காருவார். அதால் இதுவரை அடித்ததில்லை. அது அங்கே இருக்கும், அவ்வளவுதான். நான் பரிமாறுவேன். போனை அவர்தான் சுவரில் அடித்து உடைத்தார். நீ வர முடியாது என்று எழுதிய கடிதத்தைப் படித்து முடித்ததும், "உன் சொந்தத் தங்கச்சிக்கே நீ வேணாமாம்" என்று சிரித்துக்கொண்டே மணிக்கட்டைத் திருகினார். எலும்பு விலகும் சத்தம் எனக்குக் கேட்டது.

உன்னை எதற்கு வரச் சொன்னேன் தெரியுமா? புதிதாக ஆள் வந்தால் முதல் பத்துப் பதினைந்து நாள் வாயோடு நிறுத்திக்கொள்வார். அடி வாங்காத இரண்டு வாரம் எனக்கு வேண்டியிருந்தது. யோசிக்க.

காற்று என்று நான் சொன்னதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று எழுதிவிட்டுப் பேசியும் இருக்கிறாய். உன் விரல் மரத்துப்போகிறது என்று அவர் படித்தபோது நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருந்தாலும் நாம் திரும்பிப் போக அந்த ஒரு வீடுதான் இருந்தது. இது காரணம். சமாதானம் இல்லை.

இப்போது கேள். டெய்லரம்மா அறையைத் தருகிறேன் என்கிறார். இந்த மாதம் இருபதாம் தேதி உன் அத்தான் டயர் எடுக்க வெளியூர் போகிறார், மூன்று நாள். அன்று நான் இறங்கிவிடுவேன். துணிமணியைத் தைக்கக் கொடுப்பதுபோல் ஒவ்வொன்றாக இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டேன். அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இப்போது கொஞ்சம் நல்லபடியாகக்கூட இருக்கிறார். இன்னும் பதினேழு நாள். அதுவரை உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அவருக்கு எதுவும் எழுதிவிடாதே.

மீதியை நேரில் பேசும் காலம் வரும்.
உன் அக்கா

*

ஜனவரி 12

அன்பு மச்சினிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கே குளிர் எப்படி?

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துப்போய் உன் அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். என்ன தெளிவான எழுத்து! நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அந்த இரண்டு கோடுகளும் எங்கே வெட்டும் என்று அவள் நெற்றியிலேயே விரலால் போட்டுப் பார்த்தேன். படித்த பிள்ளை எழுதினால்தான் இப்படி விளங்கும். நீ அவள்மேல் வைத்திருக்கும் பாசத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது.

அவளுக்குத் தாடையில் கொஞ்சம் வீக்கம். பல்லாக இருக்கும். பேசவும் எழுதவும் சில நாள் முடியாது, அதனால்தான் நான் எழுதுகிறேன். கடையில் கையில் சின்னச் சூடு பட்டுவிட்டதால் என் எழுத்தும் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வருவதாக இருந்தால் தேதியைச் சொல். பஸ் நிலையத்துக்கு நானே வருகிறேன்.

என்றும் உன் நலம் நாடும்
அத்தான்

*

ஜனவரி 15

டெய்லரம்மா,

அக்காவின் கடிதம் இன்றுதான் கிடைத்தது. நான் டிசம்பர் முப்பதாம் தேதியே அவருக்கு எழுதிவிட்டேன். அது வந்திருந்தால் எப்படியாவது எடுத்து எரித்துவிடுங்கள். வராவிட்டால் தபால்காரரை வழியிலேயே மறியுங்கள். இருபதாம் தேதி வரை காத்திருக்க வேண்டாம், இன்றே அவளை வெளியே கூட்டி வந்துவிடுங்கள். காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். அடிபட்டவர்தான் வந்து சொல்ல வேண்டும் என்கிறார்கள்.

இது உங்கள் கைக்கு வர இன்னும் பத்து நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன்.

சின்னு

*

ஜனவரி 17

அன்பு சின்னுவுக்கு டெய்லரம்மா எழுதுவது.

நீ சுகமாக இரும்மா. உன் அக்கா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி மீதியைத் தைரியமாகப் படி. எனக்கு உங்களைப் போல் எழுத வராது, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தாம் தேதி மதியம். நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டில் அவர் ஏதோ உரக்கப் படிப்பது கேட்டது. அது தினமும் நடப்பதுதான், காது கொடுக்கவில்லை. பிறகு படிப்பு நின்றது. பிறகு ஒரு சத்தம், மண்பானையைக் கல்லில் போட்டதுபோல. ஒரே ஒரு சத்தம்தான். உன் அக்கா கத்தவேயில்லை. அதுதான் எனக்கு என்னமோ செய்தது. கையில் இருந்ததோடு ஓடினேன். கையில் இருந்தது இஸ்திரிப் பெட்டி.

அவள் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாள். கீழ்த்தாடை ஒரு பக்கமாகப் போயிருந்தது, முகம் அவள் முகமாக இல்லை. வாயிலிருந்து ரத்தமும் இரண்டு பல்லும். அவர் அந்தக் கம்பியை மறுபடியும் ஓங்கிக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் யோசிக்கவில்லை சின்னு. பெட்டியை அவர் முன்கையில் வைத்து அழுத்தினேன். சதை கருகும் நாற்றம் வரும்வரை எடுக்கவில்லை. கம்பி கீழே விழுந்தது. அவரும் உட்கார்ந்துவிட்டார். அவள் கால்களைப் பிடித்துத் தெரு வரை இழுத்துக்கொண்டு வந்தேன். வேறு வழி தெரியவில்லை.

தெருவே நின்று பார்த்தது. ஒரு பெரிய மனிதர், "குடும்ப விஷயம்மா. அடிக்கிற கைதானே அணைக்கும்" என்றார். "அந்தக் கையைத்தான் சுட்டுட்டு வந்திருக்கேன், போய் மருந்து போடுங்க" என்றேன். டயர் கடைக்கு வந்திருந்த லாரிக்காரர் ஒருவர்தான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார், அவருடைய டயர் பாதி மாட்டாமல் கிடந்தது.

படியில் விழுந்துவிட்டாள் என்று உன் அத்தான் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார். அவளால் வாய் திறக்க முடியாது. தாடையை இரும்புக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். நான் போலீஸில் சொன்னால், என்னைத்தான் முதலில் பிடிப்போம் என்கிறார்கள், சூடு வைத்ததற்கு.

அவள் விழித்ததும் உன்னைத்தான் சைகையில் கேட்டாள். எழுதுகிறாயா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

நேரத்துக்குச் சாப்பிடும்மா.
டெய்லரம்மா

*

பிப்ரவரி 10

அன்புள்ள சின்னுவுக்கு,

ஒரு மாதம் எழுதவில்லை. மணிக்கட்டு சரியாகிவிட்டது, வலது கையால்தான் எழுதுகிறேன். வாய் மட்டும் கட்டில் இருக்கிறது. குழாய் வழியாகக் கஞ்சி. பேச்சில்லை. டெய்லரம்மாவின் பின்னறையில் இருக்கிறேன்.

பெண் போலீஸ் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பேச முடியாது என்று தெரிந்ததும் தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். வாயால் கேட்டிருந்தால், படியில் விழுந்தேன் என்று என் வாய் தானாகச் சொல்லியிருக்கும். எட்டு வருடப் பழக்கம். எழுதுவது அப்படியில்லை. ஒரு சொல்லை எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகிறது, அதற்குள் அது பொய் என்று தெரிந்துவிடுகிறது. ஆறு பக்கம் எழுதினேன். உன் விரலையும் எழுதினேன். காற்று என்று சொன்னது நான்தான் என்பதையும் எழுதினேன்.

அவரைப் பிடித்தார்கள். பதினோராம் நாள் ஜாமீனில் வந்துவிட்டார். கடை திறந்திருக்கிறது. நான் ஜன்னல் பக்கம் போவதில்லை.

உன் கடிதத்தை அவருடைய வக்கீல் கோர்ட்டில் கொடுத்திருக்கிறார். அக்காவும் தங்கையும் சேர்ந்து கொல்லத் திட்டம் போட்டார்கள், பயத்தில் இவர் தள்ளிவிட்டார், விழுந்து அடிபட்டது என்று சொல்கிறார். ஒருமுறை டாக்டரிடம் பொய் சொன்னவள் இப்போது மட்டும் உண்மை சொல்வாளா என்றும் கேட்கிறார். விரல் விஷயத்தில் நீயே வந்து சாட்சி சொன்னால்தான் என் வார்த்தை நிற்கும் என்கிறார் என் வக்கீல். ஆனால் நீ வந்தால், கொலை மிரட்டல் என்று உன்மேல் கொடுத்திருக்கும் புகாரும் எழும். உன்னைத் திரும்பப் போகவிடாமல் நிறுத்தலாம். பயிற்சி போய்விடலாம்.

உன் கடிதத்தை அவர் படித்தபோது நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். "அவசரப்பட மாட்டேன்" என்ற இடம் வந்ததும் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு கம்பியை எடுத்தார்.

வா என்று நான் எழுத மாட்டேன். ஒருமுறை எழுதியாயிற்று.

குளிர் குறைந்திருக்கும் என்று நம்பும்
உன் அக்கா

*

பிப்ரவரி 23

அக்கா,

உன் தாடை கூடிக்கொண்டு வருகிறதா? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. உன் முதல் கடிதம் வந்த மறுநாளே டிக்கெட் எடுத்தேன், டிசம்பர் இருபத்தொன்றுக்கு. மூன்று நாள் வைத்திருந்துவிட்டு ரத்து செய்தேன். விடுப்பு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். விடுமுறை வேலைக்கு யாரும் என்னை நிறுத்தவில்லை. நானே பெயர் கொடுத்தேன்.

பயம் என்று நினைத்தாயா? பயம் இருந்தது. அது மட்டும் இல்லை. உடைந்த போன், கடை முகவரி, புதுத் தாழ்ப்பாள், எல்லாம் எனக்கு அன்றே புரிந்தது. அடி வாங்குகிறாய் என்று தெரிந்தது. தெரிந்தபோது எனக்குள் ஒரு குரல் வந்தது: இருக்கட்டும். காற்று என்று சொன்னாளே, அந்தக் காற்றோடு இருக்கட்டும். உனக்குத் தண்டனை வேண்டும் என்று நினைத்தேன். கொடுக்க அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்பதும் தெரியும். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, வராமல் இருந்தால் போதும். ஒவ்வொரு நாளும் கூண்டு இறுகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்படியே இருந்தேன்.

பிறகு அமைதியின் வீட்டில் மேசைக்கடியில் கிடந்தபோது என்மேலேயே அருவருப்பு வந்தது. அந்தக் கோபத்தில்தான் அவருக்கு எழுதினேன். உன்னைக் காப்பாற்ற எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் ஒரு கடிதம் வந்தால் அதைக் கேட்க எதிரில் யார் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியாதா? உறையை ஒட்டும்போது ஒரு கணம் அது நினைவுக்கு வந்தது. ஒட்டிவிட்டேன்.

டிக்கெட் எடுத்தாயிற்று, மார்ச் முப்பது. பயிற்சியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ என்ன சொன்னாலும் கோர்ட்டுக்கு வருவேன். ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு நீ இருக்கும் அறைக்கு நான் வரலாமா என்று சொல். வேண்டாம் என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்.

சின்னு

*

மார்ச் 8

சின்னுவுக்கு,

கட்டை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு கரண்டி நுழையும் அளவுக்கு வாய் திறக்கிறது. பேச்சு குடித்தவள் பேசுவதுபோல் வருகிறது. டெய்லரம்மாவுக்கு அதில் ஒரே சிரிப்பு.

உன் கடிதத்தை அவர் கேட்டார். "என்ன எழுதியிருக்கா, படிச்சுச் சொல்லு" என்றார். "அது எனக்கு வந்தது" என்று சொல்லி மடித்து வைத்துக்கொண்டேன்.

முதல் தடவை படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் தடவை படித்துவிட்டுப் பெரிய கத்தரியை எடுத்து மேசைமேல் இருந்த துணியை வெட்டினேன். நான்கு முழம் இருக்கும், பட்டு, யாருடையதோ. குறுக்கும் நெடுக்குமாக வெட்டினேன். கை ஓயும்வரை வெட்டினேன். உன்னைத்தான் வெட்டினேன். டெய்லரம்மா வந்து பார்த்துவிட்டு, "அளவெடுக்காம வெட்டிட்டியே" என்று மட்டும் சொன்னார். துணி கொடுத்திருந்த பெண்ணுக்கு வேறு துணி வாங்கி நானே தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் முழுக்க அதுதான் வேலை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு இப்போது பொய் எழுத வரவில்லை. நீ அப்படி நினைத்தது எனக்கு வலிக்கிறது, இந்தத் தாடையைவிட அதிகமாக. ரொம்ப நாளைக்கு வலிக்கும். நான் அன்று காற்று என்று சொன்னது உனக்கும் இப்படித்தான் வலித்திருக்கும் என்று இதை எழுதும்போதுதான் தெரிகிறது. இரண்டும் சரிக்குச் சரி என்று நான் சொல்லவில்லை.

ஏப்ரல் நான்காம் தேதி வழக்கு. அந்தக் கடிதத்தை நீதான் எழுதினாயா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல். கொல்லும் எண்ணம் இருந்ததா என்று கேட்டால், இருந்திருந்தால் அதையும் சொல். அதற்கு என்ன வருமோ வரட்டும், நானும் உன் பக்கத்தில்தான் நிற்பேன். டெய்லரம்மாவும் சாட்சி. தன் இஸ்திரிப் பெட்டியை ஜட்ஜுக்குக் காட்ட வேண்டும் என்று துடைத்து வைத்திருக்கிறார். எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை.

அறை ரொம்பச் சின்னது. ஒரே கட்டில். பகல் முழுக்க மெஷின் சத்தம். இதற்குள் நீயும் நானும் சண்டை போடாமல் இருக்க முடியாது. போடுவோம். வாயில் வந்ததெல்லாம் நீ சொல், நானும் சொல்கிறேன். யாரும் கையை ஓங்காமல் இரண்டு பேர் எவ்வளவு தூரம் சண்டை போட முடியும் என்று நான் இதுவரை பார்த்ததில்லை. பார்க்க வேண்டும்.

இங்கேயே வா.

அக்கா